திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். அதற்குள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் முந்திக்கொண்டு, "அண்ணா, மேலகிரி மலைக்கு ட்ரெக்கிங் போகணும், பிளான் போட்டுக் கொடுங்க" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன். மலை ஏறுவதற்குத் திட்டம் போடுவதும் ஒரு இன்ஜினியரிங் வேலைதான்.

சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற நமக்கு ஓசூர் என்றால் லாரியும் புகையும் மேம்பாலமும்தான். ஆனால் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி ரோட்டில் போய்ப் பாருங்கள், வேறு உலகம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரைச் சேர்த்து, 2014-ல் தமிழக அரசு காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது. 2022-ல் காவேரி தெற்குச் சரணாலயம் வந்தது. அது 686 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயமும் பன்னேருகட்டா தேசியப் பூங்காவும் இருக்கின்றன. அத்திப்பள்ளி செக்போஸ்ட் எல்லாம் நமக்குத்தான். யானைக்கு இது ஒரே காடு.

ராகி முற்றுகிற பருவத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக வருடா வருடம் இறங்கி வருகின்றன. சில கூட்டம் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள சானமாவு காடு வரைக்கும் வந்து முகாம் போடும். களி தின்று வளர்ந்த நமக்கு ராகியின் ருசியைச் சொல்ல வேண்டியதில்லை. யானைக்கும் அது நன்றாகவே தெரியும். நாம் லீவு போட்டுக் கிளம்ப நினைக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்கள்தான் அதற்கும் பயண சீசன்.

ஆகவே தம்பிகளே, முதல் வேலை ஷூ வாங்குவது இல்லை, அனுமதி வாங்குவது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, "சும்மா கொஞ்ச தூரம்" என்று உள்ளே போவதும் இதில் அடக்கம். நேர் வழி இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு? 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசு திறந்தது. நம் மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும் சாமி ஏரியும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார்.

இரண்டாவது, காலம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபது பேருக்கு மேல் இறந்து போனார்கள். வார விடுமுறையில் மலை பார்க்கப் போன நம்மைப் போன்றவர்கள்தான். தீயின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முன்னாலேயே காய வைத்துவிடுகிறது. மனிதன் மேட்டில் ஏற ஏற வேகம் குறைவான். தீ மேட்டில் ஏற ஏற வேகம் கூடும். 2025-லும் தீ அபாயம் கருதி பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை பாதைகளை மூடி வைத்தார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்றே அர்த்தம். "தெரிஞ்ச ஆள் இருக்கார் அண்ணா" என்கிற பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, கணக்கு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு சூத்திரம் சொன்னார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி நேரம். உதாரணமாக 8 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 1 மணி 36 நிமிஷத்தோடு ஒரு மணி சேர்த்தால் 2 மணி 36 நிமிஷம் ஆகிறது. அது பழகிய கால்களுக்கு, குளிர் தேசத்துக்கு. லிஃப்டில் ஏறிப் பழகிய நமக்கு இன்னும் பாதி சேர்த்து நான்கு மணி என்று போடுங்கள். இதுதான் நம் சேஃப்டி ஃபேக்டர்.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டு. அந்தி நேரம் யானை நடமாடும் நேரம். ஆகவே மூன்று மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இறங்க மூன்றரை மணி நேரம் வைத்தால், பதினொன்றரைக்குத் திரும்பியே ஆக வேண்டும். சிகரத்தில் நின்றாலும் சரி, சிகரத்துக்கு இருநூறு அடி கீழே நின்றாலும் சரி, பதினொன்றரை என்றால் பதினொன்றரைதான். காகிதத்தில் முதலில் எழுத வேண்டியது இந்த நேரம். புறப்படும் நேரம் அதிலிருந்து தானாக வரும்.

தண்ணீரும் கணக்குதான். ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஆறு பேருக்கு 18 லிட்டர், அதாவது 18 கிலோ சுமை. "வழியில ஓடை இருக்கும்" என்று நம்பிப் போகக்கூடாது. கோடையில் ஓடை வறண்டிருக்கும். வறளாத ஓடைக்கு நமக்கு முன்னாலேயே யானை வந்திருக்கும்.

நான்காவதை நம் தொழிற்சாலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டாங்கிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் வொர்க் பெர்மிட் போடுகிறோம். வெளியே ஒருத்தரை நிறுத்துகிறோம். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கவில்லை என்றால், அவர் தானும் உள்ளே குதிக்கக்கூடாது; ஆட்களைக் கூப்பிட வேண்டும். குதித்துப் போய் இரண்டாவதாக இறந்தவர்கள் கதை எல்லாத் தொழில் நகரத்திலும் உண்டு. மலைக்கும் அப்படி வெளியே ஒரு ஆள் தேவை. உள்ளே போனால் செல்போனில் டவர் கிடைக்காது. போகிறவர்களின் பெயர், பாதை, வனத்துறை அலுவலக எண், இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு தேடி வரக்கூடாது. வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் முறையாக அனுமதி வாங்கிப் போயிருந்தோம். கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: யார் "திரும்பலாம்" என்றாலும் திரும்புவோம், காரணம் கேட்க மாட்டோம். பாதி வழியில் ஓர் ஓடைக்கரையில் வழிகாட்டி நின்றார். குனிந்து யானைச் சாணத்தைத் தொட்டுப் பார்த்தார். "சார், இன்னும் சூடு ஆறலை. திரும்பிடலாம்" என்றார். எங்களில் ஒருவர் மட்டும், "சிகரம் இதோ தெரியுதே, இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் திரும்பி நடந்தார். தேன்கனிக்கோட்டையில் மதியச் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். யானை பக்கத்தில் நின்றதா, போய்விட்டிருந்ததா, இன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே திரும்ப முடிந்ததே, அதற்குத்தான் முன்கூட்டியே விதி வைக்கிறோம். உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. யோசனையைக் கீழேயே முடித்துவிட வேண்டும்.

மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, பிளான் கேட்டீர்கள். ஒரு பக்கத்தில் நீங்களே எழுதி வாருங்கள். அனுமதி, வழிகாட்டி, தண்ணீர், திரும்பும் நேரம், வெளியே நிற்கும் ஆள். ஐந்தும் அதில் இருந்தால் நானும் கூட வருகிறேன். ஒன்று குறைந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை கேண்டீனில் டீ வாங்கித் தருகிறேன், உட்கார்ந்து பேசுவோம்.