கைராசிக்கு அப்பால்: ஊர் மருத்துவ நிலையத்தின் தரமும் பாதுகாப்பும்



இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களில் பலர் வேப்பூர் போன்ற ஊர்களில், ஒன்றிரண்டு மருத்துவர்கள் நடத்தும் சிறு நிலையங்களிலோ ஆரம்ப சுகாதார நிலையங்களிலோ பணியாற்றக்கூடும் என்பதால், அத்தகைய நிலையத்தின் தரத்தை மதிப்பிடும் முறையே இவ்வுரைக்குப் பொருளாகிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை கடக்கும் அந்த ஊரில், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வருவோர், சுற்றுவட்டார உழவர்கள், லாரி ஓட்டுநர்கள், பீங்கான் தொழிலில் உழைப்போர் எனப் பலதரப்பட்டவரும் மருத்துவரை நாடுகின்றனர். அவர்கள் கையிலுள்ள அளவுகோலோ வாசலில் நிற்கும் கூட்டமும், 'கைராசி டாக்டர்' என்று ஊர் வழங்கும் பெயருமே.

அந்த அளவுகோல் பிழைபடுவதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. வைரசால் வரும் சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் சில நாட்களில் தாமே தணிந்துவிடுவதால், மூன்றாம் நாள் ஊசி போட்டவருக்கு நான்காம் நாளின் நலம் புகழாகச் சேர்கிறது. தேவையின்றிக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து வலியையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கி அப்புகழை வளர்க்க, அதனால் ஏறும் சர்க்கரையும் குறையும் நோய் எதிர்ப்பாற்றலும் பின்னாளில் வேறொரு மருத்துவரின் கணக்கில் விழுகின்றன. எனவே நோயாளியின் மனநிறைவு மதிக்கத்தக்கதே ஆயினும், தரத்துக்கு அது மட்டுமே சான்றாகாது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன், 1966இல் வெளியிட்ட கட்டுரையில், மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் ஆராயும் வழியை வகுத்தார். கட்டடம், கருவிகள், பணியாளரின் தகுதி ஆகியவை அமைப்பு. நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி முதல் எழுதித் தரப்படும் மருந்து வரையிலான செயல்கள் செயல்முறை. அவற்றால் நோயாளியின் உடல்நலத்தில் நிகழும் மாற்றம் விளைவு.

இவற்றுள் எளிதில் அளக்கக்கூடியது அமைப்பு என்பதால், சட்டம் அங்கிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்கீழ் 2018இல் வந்த விதிகளும் சிறு கிளினிக்குகளையும் பதிவுக்கு உட்படுத்துகின்றன. இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் இன்னும் ஒரு படி மேலே சென்று, குடும்ப மருத்துவர் நிலையங்களை நேரில் ஆய்ந்து, அவை பாதுகாப்பானவையா, பயனளிப்பவையா, பரிவுடையவையா, தேவையறிந்து செயற்படுபவையா, நன்கு நிர்வகிக்கப்படுபவையா என்னும் ஐந்து கேள்விகளின் அடிப்படையில் மதிப்பீட்டை மக்கள் அறிய வெளியிடுகிறது. ஆயினும் ஆய்வாளர் வராத நாட்களில் நிலையம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பதிவுச் சான்றிதழ் உறுதிசெய்வதில்லை. அதைச் செயல்முறையே காட்டும்.

செயல்முறையைச் சோதிக்கப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதற்குப் பாம்புக்கடி நல்ல சான்று. கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கையில், அது உறையாதிருந்தால், கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு ரத்தத்தைத் தாக்கியிருப்பதை அறியலாம். அக்குழாய் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கிறதா, நேரம் குறிக்கப்படுகிறதா, நஞ்சுமுறி மருந்து இல்லையெனில் வீண்தாமதமின்றி, செய்த சிகிச்சையை எழுதிய கடிதத்துடன் 108 ஆம்புலன்சில் நோயாளி மேல்மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாரா என்பனவே அங்கு கேட்கத்தக்கவை. தன்னால் இயலாததை உரிய நேரத்தில் அறிந்து அனுப்பிவைப்பதும் மருத்துவத் திறனே.

கருவிகளைத் தொற்றுநீக்குவதும் அவ்வாறே. வழுவழுப்பான மேற்பூச்சைக் கண்டு பீங்கான் உள்ளே முழுமையாக வெந்திருக்கிறது என்று விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளர் முடிவு செய்வதில்லை. எட்டிய வெப்பத்தையும் எரிந்த நேரத்தையும் அறிந்தே சொல்வர். பளபளக்கும் கத்தரிக்கோலும் அப்படிப்பட்டதே; நீராவி அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியசில் உரிய நேரம் இருந்ததற்கான குறிப்பே அது தொற்றற்றது என்பதற்குச் சான்றாகும்.

அத்தொழிலாளருக்கே உரிய மற்றொரு சோதனையும் உண்டு. சிலிக்கா கலந்த நுண்தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் நுரையீரலில் தழும்பு படரும் நோய் சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. அது காசநோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என வலியுறுத்தினார். நாள்பட்ட இருமலோடு வந்தவரின் நோய்க்குறிப்பேட்டில் தொழில் எழுதப்படாதிருந்தால், பரிசோதனைகள் எத்தனை செய்யப்பட்டிருப்பினும் அங்கே மருத்துவம் குறைபட்டே நிற்கிறது.

மூன்றாவதான விளைவை அளப்பதில் நிதானம் வேண்டும்; சிறு நிலையத்தில் நிகழும் ஓர் இறப்பு அதன் தரக்குறைவுக்குச் சான்றாகாது, இறப்பே நிகழாமை தரத்துக்கும் சான்றாகாது, ஏனெனில் கடும் நோயாளிகளை ஏற்காமல் திருப்பியனுப்பும் நிலையத்தின் கணக்கு எப்போதும் தூய்மையாகவே தோன்றும். ஆகவே எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு தீய விளைவிலிருந்தும் என்ன கற்கப்பட்டது என்பதே முதன்மையான கேள்வி. தமிழ்நாடு 1990களிலிருந்து வளர்த்தெடுத்த மகப்பேற்று இறப்பு ஆய்வு முறை இதற்கு வழிகாட்டுகிறது: தாய் ஒருவர் இறந்தால், மருத்துவமனைப் பதிவேடுகளோடு குடும்பத்தினரின் கூற்றும் கேட்கப்பட்டு, புறப்படுவதிலா, வழியிலா, மருத்துவமனைக்குள்ளேயா தாமதம் நேர்ந்தது என்று ஆராயப்படுகிறது. மாநிலத்தின் மகப்பேற்று இறப்பு விகிதம், லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001–03இல் 134ஆக இருந்து 2018–20இல் 54ஆகக் குறைந்ததற்கு 24 மணி நேர அவசர மகப்பேறு மையங்கள் உள்ளிட்ட பல காரணங்கள் இருப்பினும், குறைகளை மறைக்காமல் ஆராய்ந்த இப்பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

பட்டம் பெறுவோர் இதைத் தத்தம் பணியிடத்துக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை சில நோய்க்குறிப்பேடுகளை முன்தேர்வின்றி எடுத்து, ஒவ்வாமை எழுதப்பட்டதா, ஆண்டிபயாட்டிக் மருந்துக்குக் காரணம் குறிக்கப்பட்டதா, மறுபடி வருமாறு சொல்லப்பட்டவர் வந்தாரா என மருத்துவரும் செவிலியரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தல் போதிய தொடக்கம். அந்த அமர்வில் தவறைச் சுட்டும் இளைய செவிலியர் தண்டனைக்கு அஞ்சாமல் பேச முடிவதே நிலையத்தின் பாதுகாப்புக்கு முதல் உறுதி. மூத்தவர் முன் வாய் திறவாமையை மரியாதையாகக் கருதும் சூழலில், அத்தகைய பேச்சை மருத்துவர்தாம் முதலில் வரவேற்க வேண்டும். ஊர் தரும் கைராசிப் பெயரை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அது உண்மைதானா என்று தம் பதிவேட்டைத் திறந்து சரிபார்க்கும் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் இன்று பட்டம் பெறுவோர் விளங்க வாழ்த்துகள்.