கோழியின் கண் வீக்கம்



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்குக் கோழியை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. நாமக்கல் என்றவுடன் முட்டையை நினைப்பது இன்று நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து வளர்க்கும் பண்ணைகளைப் பற்றி நான் பேச வரவில்லை. வீட்டுப் புறக்கடையிலே குப்பையைக் கிளறித் திரியும் நான்கைந்து நாட்டுக் கோழிகளைப் பற்றியே பேச வந்துள்ளேன். பண்ணைக் கோழிக்கு மருத்துவர் உண்டு. தீவனத்தை அளந்து கொடுப்பாரும் உண்டு. புறக்கடைக் கோழிக்கோ வீட்டுப் பாட்டியும் நீங்களுமே காவல். அதன் முட்டையை விற்ற காசு எத்தனையோ வீடுகளில் நோட்டுப் புத்தகமாகவும் எழுதுகோலாகவும் மாறுகின்றது. ஆதலின் அதன் நலம் அற்பச் செய்தியன்று.

ஒருநாள் காலையில் கோழியின் கண் வீங்கி மூடியிருக்கக் காண்கிறோம். உடனே, "என்ன மருந்து போடலாம்?" என்று கேட்கிறோம். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. "இது எதனால் வந்தது?" என்பதே முதற் கேள்வி. கண் வீக்கம் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. ஒரே அறிகுறியைப் பல நோய்கள் காட்டும். அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முகமும் வீங்கி, மூக்கிலிருந்து துர்நாற்றத்துடன் சளி ஒழுகினால், அது பெரும்பாலும் கொரைசா என்னும் தொற்றுச் சளி நோயாக இருக்கும். இதனை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நோயுற்ற கோழி வாய் வைத்த தண்ணீரின் வழியாக இரண்டொரு நாளில் மற்றக் கோழிகளுக்கும் பரவிவிடும். குணமடைந்த பின்னும் அக்கோழி கிருமியைச் சுமந்து திரியும். கண்ணின் ஓரத்தில் நுரை கட்டி, மூச்சு விடும்போது களகளவென்று ஒலி கேட்டால், மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை ஐயுற வேண்டும். இது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லக் கூடியது. கொண்டையிலும் இமையிலும் கொப்புளமும் பொருக்கும் தோன்றினால் அது கோழி அம்மை. இதனைக் கொசுக்கள் பரப்புகின்றன. இது வைரஸ் நோயாதலின் இதனை அழிக்கும் மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. கூண்டில் எச்சம் மிகுந்து, அதன் அம்மோனியா நெடி கண்ணை எரித்தாலும் இமை வீங்கும். நோய்க் கிருமி எதுவும் இல்லாமல், உணவில் வைட்டமின் 'ஏ' என்னும் உயிர்ச்சத்துக் குறைவதாலும் கண் வீங்கும்.

இராசிபுரத்துக்கு அருகே, நான் ஓய்வு பெற்று வாழும் சிற்றூரில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியுடன் ஒரு கோழியைத் தூக்கி வந்தாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, கண்ணுல விடறதுக்குச் சொட்டு மருந்து ஏதாச்சும் இருக்குங்களா?" என்று பாட்டி கேட்டார். நான் அச்சிறுமியிடம், "கண்ணு, மருந்து இருக்கட்டும், நான் கேட்பதற்கு விடை சொல்" என்று சில வினாக்களைத் தொடுத்தேன். மற்றக் கோழிகளுக்கு வீக்கம் உண்டா? இல்லை. நாற்றம் உண்டா? இல்லை. கொண்டையில் பொருக்கு? இல்லை. என்ன தீனி? வெள்ளைச் சோளம். எங்கே மேய்கிறது? மேயவில்லை, கீரிக்குப் பயந்து இந்தக் கோழியை மட்டும் மூன்று மாதமாகக் கொடாப்பிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். "இது கடைசியாக இட்ட முட்டையின் மஞ்சள் கரு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவள் சற்றே எண்ணிப் பார்த்து, "வெளுத்துப் போய் இருந்ததுங்க, ஐயா" என்றாள்.

அந்த விடை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கரு வெளுத்தல், பச்சை உணவு கிட்டவில்லை என்பதற்கு அடையாளம். வெள்ளைச் சோளத்தில் வைட்டமின் 'ஏ' ஆக மாறக்கூடிய சத்து மிகக் குறைவு. முருங்கைக் கீரையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் அது உண்டு. எனினும் முடிவு கூறுவது என் வேலையன்று. அவர்களைக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினேன். மருத்துவரும் உயிர்ச்சத்துக் குறைவே என்று கண்டு, இமைக்குள் இறுகியிருந்த வெண்பொருளை நீக்கி, மருந்தும் கீரையும் கொடுக்கச் சொன்னார். சில வாரங்களில் கோழி தேறியது. அச்சிறுமி கண்ணால் கண்டதை மறவாமல் சொன்னாளே, அதுவே பாதி மருத்துவம்.

இக்குறை கோழிக்கு மட்டும் உரியதன்று. மனிதக் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாவதும் இதனாலேயே. அதனால் நேரும் பார்வையிழப்பைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. கோழிக்குக் கீரை பறிக்கும்போது தம்பி தங்கையரின் தட்டையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

இனி, வீட்டில் செய்யத் தக்கவை யாவை? முதலாவது, பிரித்து வைத்தல். நோயுற்ற கோழியை நிழலில் தனியே வைத்து, தனித் தண்ணீர்க் கலமும் தர வேண்டும். இரண்டாவது, தூய்மை. கொதித்து ஆறிய நீர் ஒரு தம்ளரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான பஞ்சால் கண்ணை மெல்லத் துடைக்கலாம். ஒரு முறை துடைத்த பஞ்சை மறுமுறை தொடக் கூடாது. பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மூன்றாவது, உணவு. கோழி கண்ணால் கண்டே தானியத்தைக் கொத்துவது. கண் மூடிய கோழி நோயால் மடிவதற்கு முன் பசியாலும் தாகத்தாலும் மடிந்துவிடும். ஆதலின் தீனியையும் நீரையும் அலகருகே கொண்டு சென்று காட்டுங்கள்.

செய்யத் தகாதவையும் உண்டு. வீக்கத்தைப் பிதுக்காதீர்கள், கீறாதீர்கள். பறவைகளின் சீழ் மனிதச் சீழைப் போல் நீர்த்து ஒழுகாது; பாலாடைக்கட்டி போல் இறுகிவிடும். சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் இடாதீர்கள். வீட்டில் மிஞ்சியுள்ள மனிதக் கண் மருந்தையும் விடாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். விழியில் புண் இருந்தால் அதனை அது மோசமாக்கும். பல கோழிகள் தலை வீங்கித் திடீரென்று மடிந்தால் அவற்றைத் தொடாமல் கால்நடைத் துறையினருக்கு உடனே அறிவியுங்கள். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் இந்தியாவின் முதற் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதை நாம் மறத்தலாகாது.

கடைக்குச் சென்று ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி, பொடித்து, தண்ணீரில் கலந்து வைப்போரும் உளர். அம்மைக்கும் சத்துக் குறைவுக்கும் அதனால் பயனில்லை. கொரைசாவுக்குப் பயன்படும் மருந்தும், மருத்துவர் குறித்த அளவிலும் நாளிலும் கொடுத்தால்தான் பலிக்கும். குறைந்த அளவில் மருந்தைக் கண்ட கிருமி அதனைத் தாங்கப் பழகிவிடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோதே இவ்வாறு எச்சரித்தார். மனிதருக்குக் கடைசித் துணையாக விளங்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்குரிய விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொடுத்தலாகாது என்று 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்ததும் இக்காரணம் பற்றியே. மருந்துண்ட கோழியின் முட்டையை, மருத்துவர் சொல்லும் நாள் வரை உண்பதும் விற்பதும் கூடா.

மாணவர்களே! நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கி வருகின்றது. உங்களுள் சிலர் அங்கே பயிலக் கூடும். ஆனால் அதற்கான முதற் பாடத்தை உங்கள் புறக்கடையிலேயே தொடங்கலாம். நாளைக் காலையில் கோழிகளைத் திறந்து விடும்போது ஒரு நிமிடம் நின்று, ஒவ்வொன்றின் கண்ணையும், கொண்டையையும், எச்சத்தையும் பாருங்கள். நலமாக இருக்கும்போது கோழி எப்படி இருக்கும் என்பதை அறிந்தவனே, நோய் தொடங்கும் அன்றே அதனைக் கண்டுகொள்வான்.