புருவாசும் கங்கா நகரமும்



பேராக் மாநிலத்துப் புருவாசைக் குறிப்பிடும்போது, 'இராசேந்திர சோழன் வென்ற கங்கா நகரம்' என்னும் தொடர் நம் மேடைகளில் தவறாது ஒலிக்கிறது. 1030ஆம் ஆண்டையொட்டிய தஞ்சைக் கல்வெட்டை நாம் எழுத்தெண்ணிப் படித்தால், அம்மன்னனின் மெய்க்கீர்த்தியில் கடாரம், பண்ணை, இலங்காசோகம் முதலிய பெயர்களைக் காண்போம். கங்கா நகரத்தைக் காணோம். அப்பெயரைத் தருவது பல நூற்றாண்டுகள் பிற்பட்ட 'செஜாரா மெலாயு'. அதில் வரும் அரசன் ராஜா சூலான். அவனே இராசேந்திரன் என்பது ஊகம். புருவாஸ் என்பதோ ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். அதற்குத் தமிழ்வேர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

இதனால் ஊரின் தொன்மை குன்றிவிடாது. 'பத்து ஆச்சே' எனப்படும் பழைய இசுலாமியக் கல்லறைக் கற்கள் அங்கு உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரேசும் வெள்ளீயம் விளையும் இடங்களுள் ஒன்றாகப் புருவாசைச் சுட்டுகிறார்.

எஞ்சியதை நிலத்தில்தான் தேட வேண்டும். நிலத்தை அறிந்தோர் யார்? பால்மரக் காட்டில் வாழ்ந்த நம் தோட்டத்து முதியோர். அவர்தம் மலாய், சீன அண்டை அயலார். வடிகால் வெட்டியபோது எங்கே பானையோடு கிடைத்தது, அந்த மேட்டுக்கு என்ன பெயர் வழங்கியது என்பன அவர்கள் நினைவில் உண்டு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவரும் இந்நாளில், அப்பெயர்களை வழங்கியவாறே, திருத்தாமல் எழுதி வாருங்கள். பொருள் ஏதும் கண்ணிற்பட்டால் எடுத்துவராதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, 2005ஆம் ஆண்டுத் தேசிய பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள்.