அமைச்சர் பாராட்டிய வாரம்

பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே,

கூட்டேரிப்பட்டில் சென்னை பஸ் ஏறினால், மறைமலைநகர் தாண்டி கூடுவாஞ்சேரி வருவதற்குள் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் வளாகம் வந்துவிடும். உங்களில் சிலர் அங்கே நேர்காணலுக்கும் போயிருக்கலாம். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவுக்கு அரசியலோடும் செய்தி ஊடகத்தோடும் நேர்ந்ததைப் பற்றிப் பேசப்போகிறேன். பத்திரிகைக்காரனை மேடையேற்றினால் வேறென்ன பேசுவான்?

1996-ல் தொடங்கிய நிறுவனம். பங்குச்சந்தைக்குப் போகாமலே வளர்ந்தது. 2018 செப்டம்பரில் மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி, அதன் இணைய முகவரியையே பதிவு நிறுவனம் முடக்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்டார். செய்தி பரவியது, வழி பிறந்தது. அதே ட்விட்டர்தான் 2020-ல் அவரை வறுத்தெடுத்தது. சென்னையில் ஆர்.எஸ்.எஸ். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போக ஒப்புக்கொண்டதுதான் காரணம். ஸோஹோவையே புறக்கணிக்கச் சொன்னவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. மறு ஆண்டு பத்மஸ்ரீ வந்தது, தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடமும் வந்தது.

அவர் எந்த மேடைக்குப் போவது என்பது அவர் உரிமை. ஆனால் மேடையில் இல்லாத ஊழியர் ஒருவர் அந்த வாரம் வாடிக்கையாளருக்குப் போன் போட்டால், முதல் கேள்வி மென்பொருளைப் பற்றி இருக்காது. என் கவலை அந்த ஊழியரைப் பற்றியது. ஏனென்றால் நீங்கள் முதலில் உட்காரப்போவது அந்த நாற்காலியில்தான்.

திட்டுதான் இப்படி என்றில்லை, பாராட்டும் அப்படித்தான். 2025-ல் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட, இங்கே சுதேசிப் பேச்சு சூடுபிடித்தது. செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் அலுவலக ஆவணங்களை ஸோஹோவுக்கு மாற்றுவதாக அறிவித்தார். இன்னொரு மத்திய அமைச்சர் தர்மேந்திர பிரதான், ஸோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலியைப் பயன்படுத்தச் சொன்னார். 2021-ல் வந்து அதுவரை அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்த செயலி அது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளுக்கு 3.5 லட்சம் பேர் ஆனது என்று வேம்புவே எழுதினார். கல்யாணப் பந்தியில் நூறு இலைக்குச் சமைத்திருக்க, வாசலில் பத்தாயிரம் பேர் நின்ற கதை. சர்வர் திணறியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓ.டி.பி. வரத் தாமதமானது. அமைச்சர் பதிவு போட ஒரு நிமிடம். அதன் சுமையைத் தாங்கியவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் இல்லை.

ஊடகம் முதலில் ‘வாட்ஸ்அப்புக்குப் போட்டி’ என்று மேளம் கொட்டியது. என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், அதில் பாதி வெறும் ஆரவாரம். ஆனால் சில நிருபர்கள் உருப்படியான ஒன்றைக் கேட்டார்கள்: இரண்டு பேர் பேசிக்கொள்வதை நிறுவனமே படிக்க முடியாதபடி மறையாக்கம் இருக்கிறதா? அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை. தேசப்பற்று பேசும் நேரத்தில் இப்படிக் கேட்பது சங்கடம்தான். அந்தச் செயலிக்குக் கிடைத்த உபகாரங்களில் அமைச்சர்களின் பாராட்டைவிட இந்தக் கேள்வி பெரிது என்பது என் கட்சி.

2025 ஜனவரியிலேயே வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி ஆகிவிட்டார். ஆனாலும் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் நிறுவனத்தின் கணக்கில்தான் இன்றும் ஏறுகிறது.

நாளை உங்கள் முதலாளியும் ஏதாவது எழுதுவார். அதை உங்கள் பக்கத்தில் பகிரச் சொல்லி ஆபீஸ் குழுவில் ஒருவர் லிங்க் போடுவார். சம்பளம் அதற்குத் தருவதில்லை. ஆனால் நிருபர் கேட்ட கேள்வியை முதலாளியின் மேஜைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள், அதற்குத் தருகிறார்கள்.