நேர்முகப் பரீட்சையும் கைக்குழந்தையும்

உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண்ணுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து சேர்கின்றது. வீட்டார் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி அடங்குமுன் வேறொரு வினா எழுகின்றது: அன்றைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? இதனைச் சிறிய வீட்டுக் காரியமென ஒதுக்குவோர் உளர். ஆயினும், தகுதியுள்ள ஒருத்திக்கு அவ்வுத்தியோகம் கிடைப்பதும் கிடையாது போவதும் சில வேளைகளில் இந்த ஒரு வினாவிலேயே தங்கியிருக்கின்றது.

காங்கேசன்துறையில் இவ்வினாவுக்கு விடை தேடி அலையாத காலமொன்று இருந்தது. துறைமுகமும், புகையிரத நிலையமும், 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் ஊருக்குத் தொழில் தந்தன. ஒரே வளவில் அம்மம்மாவும் பெரியம்மாவும் இருந்தனர். வேலிப் பொட்டருகே நின்று ஒரு குரல் கொடுத்தால், அயல்வீட்டு மாமி வந்து பிள்ளையைத் தூக்கிச் செல்வார்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் அவ்வூர் மக்களை இடம்பெயரச் செய்தது. தொழிற்சாலை ஓய்ந்தது, புகையிரதமும் நின்றது. நெடுங்காலத்தின் பின், 2015 ஆம் ஆண்டு சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட, வீடுகளும் எழுந்தன. ஆனால், பழைய அயல் அவ்வாறே திரும்பவில்லை. அம்மம்மா ஓரிடத்தில், சின்னம்மா கடல் கடந்த தேசத்தில். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்குவோரும் பலர். உத்தியோகம் மிகவும் வேண்டியவளுக்கே உதவிக்கை குறைவாயிருக்கின்றது.

சட்டம் துணை செய்யாதா? இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், திருத்தங்களுடன், தொழில் புரியும் தாய்க்கு விடுமுறையும் பாலூட்டும் இடைவேளையும் தருகின்றது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிலையங்களிற் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. நல்ல ஏற்பாடுகளே. எனினும், இவை உத்தியோகம் பெற்றவளுக்கு உரியவை. வாயிலில் நின்று காத்திருப்பவளுக்கு இவற்றாற் பயனில்லை.

ஆதலின், அவ்வொரு நாளுக்கான ஆயத்தம் கடிதம் வருமுன்னரே தொடங்குதல் நன்று. பிள்ளை நன்கு பழகிய ஒருவரிடம் முன்னதாக ஓரிரு நாள், சில மணி நேரம் விட்டுப் பழக்க வேண்டும். அவருக்குத் தடை நேரின் உதவ இன்னொருவரையும் கேட்டு வைத்தல் வேண்டும். உணவு நேரம், உறங்கும் நேரம், மருந்து, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் நலம். கடிதத்தில் ஒன்பது மணி என்றிருப்பினும், அழைக்கப் பதினொரு மணியாகலாம். யாழ்ப்பாண நகருக்குப் போய்வரும் நேரமும் உண்டு. ஆகவே, அரை நாளன்றி முழு நாளுக்கே ஒழுங்கு செய்தல் அறிவுடைமை.

பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சல் கண்டால், சொல்லாமல் நின்றுவிடலாகாது. உடனே அலுவலகத்துக்கு அறிவித்து வேறு நேரமோ நாளோ கேட்கலாம். மறுக்கப்படலாம், ஆயினும், கேளாதவளுக்கு அந்த வாய்ப்புமில்லை.

பரீட்சை நடத்துவோருக்கும் கடமையுண்டு. எல்லோரையும் ஒரே வேளைக்கு அழைத்து நண்பகல் கடந்தும் இருத்தி வைக்காமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் குறிக்கலாம். துணைக்கு வந்தவர் பிள்ளையுடன் இருக்க நிழலான ஓர் இடம் ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பிள்ளையை யார் பார்ப்பாரெனத் தாயிடம் கேட்பவர், தந்தையிடமும் அவ்வாறு கேட்பாரா என்று தம்மையே வினவிக்கொள்ளுதல் முறையாகும்.

புதிதாய்க் குடியேறிய ஒழுங்கைகளிற் பழைய வேலிகள் இல்லை. பல இடங்களில் மதில்கள் எழுந்துவிட்டன. மதிலிற் பொட்டு இராது. ஆயினும் படலை உண்டு. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் அயலாளுக்காக ஒரு நாள் அப்படலையைத் திறந்து வைப்பவர், ஒரு குடும்பத்தின் வாழ்வுக்கே வழி திறந்தவராவார்.