தேர் நின்ற பின்

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில், வென்ற தலைவனின் தேர் மீளும் ஒலியோடு நிறைவுறுகிறது. அவன் மனைக்குள் எவ்வாறு வாழ்ந்தான் என்பது பாட்டில் இல்லை. ‘தி ஃபேமிலி மேன்’ இந்தித் தொடரின் இரண்டாம் பகுதி (2021) அவ்விடத்தில்தான் தொடங்குகிறது. உளவுப்பணி துறந்த ஸ்ரீகாந்த், மென்பொருள் நிறுவனத்தில் இளவயது மேலாளரிடம் ஏச்சு வாங்குகிறான். மனைவி சுசியோடு மனநல ஆலோசகர் முன் அமர்கிறான். பகைவரை அறிந்தவன், பெற்ற மகளை அறியான்! பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு மீண்டோரைக் கண்ட காரைக்கால் மண்ணுக்கு, நம் கோட்டுச்சேரிமேட்டுக்கு, இது புதுமையன்று. ஆயின், தமிழகத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த அத்தொடர், ஈழப் போராளி ராஜிக்குப் புறத்தை மட்டுமே அளித்தது. அவன் திரும்புவதற்கு ஓர் இல்லம் உண்டு, அவளுக்கு இல்லை.