ஒன்னுமில்லைன்னு சொல்லாதீங்க

(கொழும்பில் தொழில் செய்யும் மலையகப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் மட்டக்குளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியபோது, ஓய்வுபெற்ற தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் நிகழ்த்திய உரை. பேசியபடியே தருகிறோம்.)



ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் விடியமுன்னமே பஸ் ஏறி வந்திருக்கீங்க. முகத்துல களைப்பு தெரியுது. இந்த மட்டக்குளிக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்குது. காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் தேங்கி நிற்கிற தண்ணீர், கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலியா ஓயாவாகவும் இறங்கி, ஒன்றாகச் சேர்ந்து களனி கங்கையாகி, இங்கே பக்கத்திலேதான் கடலில் விழுகிறது. நம்ம பிள்ளைகளும் அந்தத் தண்ணீர் வந்த பக்கமிருந்துதான் வந்திருக்குதுகள். புறக்கோட்டையில் புடவைக்கடை, கொட்டாஞ்சேனையில் நகைக்கடை, வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை, இன்னும் எத்தனையோ பேர் வீட்டு வேலையில்.

ஏற்பாட்டாளர்கள் எனக்குத் தந்த தலைப்பு "ஆளுமை வளர்ச்சியும் உளநலமும்: நிபுணர்களோடு ஓர் உரையாடல்". பெரிய தலைப்பு. நான் வைத்தியனும் இல்லை, பேராசிரியரும் இல்லை. முப்பது வருஷம் லயம் லயமா நடந்தவன். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசிட்டு உட்கார்ந்திடுறேன். "உரையாடல்" என்ற சொல்தான் அது.

உரையாடல் என்றால் ரெண்டு பக்கமும் பேச வேணும். நம்ம பக்கம் நடக்கிறது அப்படியா? தோட்டத்துக்கு ஒரு நிபுணர் வருவார். மேடையில் ஒரு மணித்தியாலம் பேசுவார். நாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்போம். கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்போம். அவர் போன பிறகு பீலிக்கரையில் நின்று நூறு கேள்வி கேட்போம்! பெரட்டுக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. மேலே உள்ளவர் சொல்வார், கீழே உள்ளவர் "சரிங்க" என்பார். தொரையிடம் சொன்ன அந்த "சரிங்க"வை வைத்தியரிடமும் சொல்லுறோம், பாடசாலை அதிபரிடமும் சொல்லுறோம். விளங்கினாலும் சரிங்க, விளங்காவிட்டாலும் சரிங்க.

இதிலே ஆபத்து என்னவென்றால், மனசு சம்பந்தமான வருத்தத்துக்குப் பேச்சுதான் பரிசோதனை. காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். மனசுக்கு அப்படி எடுத்துப் பார்க்க முடியாது. நீங்கள் வாய் திறந்தால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தால் மனம் உடைந்த மக்களைப் பற்றி நிறைய எழுதியவர். அவர் எடுத்துச் சொன்ன ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும். நம்ம தமிழ்ச் சனம் மனக் கவலையை மனக் கவலையாகச் சொல்வது குறைவு, உடம்பு நோவாகத்தான் கொண்டு வரும் என்பது அது. யோசித்துப் பாருங்க. "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் எரியுது", "கை கால் விறைக்குது", "பெருமூச்சு வருது". தோட்டத்து டிஸ்பென்சரியில் தினமும் கேட்கிற வார்த்தைகள்தானே? அதிலே எத்தனை கடன் தொல்லை, எத்தனை குடிகாரப் புருஷன், கொழும்புக்குப் போய் மாசக்கணக்கா பேசாத எத்தனை மகன் இருக்கோ, யாருக்குத் தெரியும்.

இதை யாரும் பிழையாக எடுக்கக் கூடாது. நெஞ்சு நோவு என்றால் முதலில் நெஞ்சைத்தான் சோதிக்க வேணும். அது மனசு என்று நாமளே முடிவு கட்டி வீட்டில் படுக்கக் கூடாது. ஆனால் ஈசிஜி எடுத்து, இரத்தம் பார்த்து, எல்லாம் சரி என்று வந்த பிறகு, "உங்களுக்கு ஒன்னுமில்லை, போங்க" என்று அனுப்பினால், அந்த இடத்தில்தான் நாம் பேச வேணும். "ஐயா, ஒன்னுமில்லைன்னா எனக்கு ஏன் ராத்திரியில நித்திரை வரல? மகன் போன நாளிலிருந்துதான் இப்படி இருக்கு" என்று சொல்லுங்க. எப்போ தொடங்கியது, அந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது, சாப்பாடு இறங்குதா, நித்திரை எப்படி, வீட்டில் குடி இருக்கா. இவ்வளவையும் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். பயமாக இருந்தால், எழுதத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்க. வெட்கமே வேண்டாம்.

"வைத்தியருக்குத் தமிழ் தெரியாதே" என்று பின்னால் ஒரு அக்கா சொல்லுறாங்க. உண்மைதான், பெரிய கஷ்டம். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கு, வார்டில் இல்லை. ஆனாலும் "தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்க" என்று கேட்பது நம்ம உரிமை. சண்டையாகக் கேட்க வேண்டாம், ஆனால் கேளுங்க. ஒரு விஷயம்: பத்து வயசுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீங்க. தாய் தன் புருஷனைப் பற்றிச் சொல்வதைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கிறது பாவம்.

இப்போ கொஞ்சம் கனமான விஷயம். இளம் பிள்ளைகள் இருக்கிற சபை என்று தெரிந்துதான் பேசுறேன். 1995ஆம் ஆண்டு இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. கிராமம், தோட்டம் என்று எல்லா இடத்திலும் இந்தத் துக்கம் இருந்தது. அப்போதெல்லாம் "தலைவிதி", "ரோஷக்காரப் பிள்ளை" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

ஆய்வாளர்கள் அப்படி முடிக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பூச்சிமருந்தால் இறந்தவர்கள் என்பதைப் பார்த்தார்கள். அதிலும் பலர் நாட்கணக்காகத் திட்டம் போட்டவர்கள் இல்லை. ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு கோப நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டிய பொருள் கொடிய நஞ்சாக இருந்தால் வைத்தியராலும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நேரம் மட்டும் தாண்டிவிட்டால் ஆள் பிழைத்து, பிறகு பிள்ளை குட்டியோடு வாழ்கிறார். ஆகவே அரசாங்கம் மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1984இல் சில, 1995இல் பல, 1998இல் ஒன்று, பிறகு 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்று. 2005 ஆகும்போது அந்த 47 பாதியாகக் குறைந்துவிட்டது. 1996 முதல் 2005 வரையான பத்து வருஷத்தில், அதற்கு முந்திய பத்து வருஷத்தை விட ஏறத்தாழ 20,000 மரணங்கள் குறைவு என்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. இருபதாயிரம் உசுரு, பிள்ளைகளே! தலைவிதி என்றால் சட்டம் போட்டு எப்படிக் குறையும்?

இன்னொரு மாற்றமும் நடந்தது. முன்னர் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர் மீது வழக்குப் போடலாம். அது குற்றம். அதனால் குடும்பம் பயந்து, ஆஸ்பத்திரியில் "தவறுதலா நடந்துபோச்சு" என்று பொய் சொல்லும். வைத்தியருக்கு உண்மை தெரியாது, பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல ஆளும் கிடைக்காது. 1998இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். இன்றும் பல வீடுகளில் இது தெரியாது. பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. இதைத் தோட்டத்துக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லுங்க.

வீட்டில் யாராவது "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னால், "வாயைக் கழுவு" என்று அதட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்போல தோணுதா?" என்று நேராகவே கேளுங்க. கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி வராது என்றுதான் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். கேட்டவுடன் அழுது கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். தனியே விடாதீங்க. ஆபத்தான பொருளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்க. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

கொழும்பில் 1974ஆம் ஆண்டு ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ என்ற அமைப்பு இருக்குது. நல்ல நண்பர்கள் என்று அர்த்தம். அங்கே இருக்கிற தொண்டர்கள் வைத்தியர்கள் இல்லை. புத்திமதி சொல்வதும் இல்லை. வந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், காசும் வாங்க மாட்டார்கள். முதலில் கேள்விப்பட்டபோது, வெறுமனே கேட்கிறதுக்கு ஒரு சங்கமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தேன்: என் வாழ்க்கையில் யாராவது கால் மணித்தியாலம் குறுக்கே பேசாமல் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்களா?

தோட்டத்தில் இருந்துகொண்டே பேசவும் வழி இருக்குது. 1926 என்ற இலக்கத்தை அழுத்தினால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம், இரவிலும் பேசலாம். அது எங்கே இருக்கு தெரியுமா? அங்கொடையில்! யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று கேலி பண்ணுறோமே, அதே அங்கொடை. 1333 இன்னொரு ஆறுதல் இலக்கம். சின்னப் பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் 1929, பெண்களுக்கு என்றால் 1938. கையில் பேனா இருக்கிறவங்க எழுதிக்கொள்ளுங்க, நான் திரும்பவும் சொல்றேன்: 1926, 1333, 1929, 1938.

இங்கே வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் எடுக்கிறீங்க. அம்மா கேட்பாங்க, "சாப்டியா? காசு போட்டியா?" நீங்கள் சொல்வீங்க, "ம்ம், நல்லா இருக்கேன்." முடிந்தது உரையாடல். அந்த "நல்லா இருக்கேன்"னுக்குள்ளே ஆறு பேர் ஒரு அறையில் படுக்கிறது இருக்கு, முதலாளி சம்பளத்தில் வெட்டினது இருக்கு, கூட்டாளி பேஸ்புக்கில் போட்ட மோட்டார் சைக்கிளைப் பார்த்து வந்த ஏக்கம் இருக்கு. அம்மா பக்கமும் அதே கதைதான். நுண்கடன் தவணை கேட்டு ஆள் வந்து நின்றதை மகனிடம் சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறதாக நினைத்துப் பொய் சொல்லிக்கொண்டு இருக்கீங்க. தாய்மாரே, காசைக் கடைசியில் கேளுங்க. "இந்தக் கிழமை யாரோடப்பா சிரிச்சுப் பேசின?" என்று கேட்டுப் பாருங்க. பதில் வர நேரமெடுத்தால், அங்கே ஏதோ இருக்குது.

ஆளுமை வளர்ச்சி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிற வகுப்புகளும் இப்போ பெருகிப்போச்சு. "ஏழே நாளில் வாழ்க்கை மாறும்" என்று சுவரில் ஒட்டியிருக்கும். பேச்சுப் பயிற்சி, மொழி, கணினி என்று தொழிலுக்கு உதவுவது நல்லதுதான், படிங்க. ஆனால் காசு கட்டுமுன் ரெண்டு விஷயம் விசாரிங்க: படிப்பிக்கிறவர் எங்கே என்ன படித்தவர், முன்னர் படித்துப் போன பிள்ளையோடு பேசலாமா. இதைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் காசு கட்ட வேண்டாம். உண்மையான நிபுணருக்குக் கேள்வி பிடிக்கும்.

கோயில், நேர்த்தி, மந்திரிக்கிறது இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மாரியம்மன் கோயிலில் போய் அழுதுவிட்டு வந்தால் மனசு லேசாகிறது எனக்கும்தான். திருநீறு பூசினதோடு குளிசையை நிறுத்துகிறதைத்தான் வேண்டாம் என்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்துகள் வேலை செய்ய ரெண்டு மூன்று கிழமையாவது எடுக்கும். நாலாம் நாள் "கேக்கல" என்று குப்பையில் போட்டால் மருந்து என்ன செய்யும்? எத்தனை நாளைக்குப் போட வேணும், நித்திரை வருமா, கொழுந்து மலையில் தலை சுற்றுமா, எப்போ நிறுத்தலாம் என்று கிளினிக்கிலேயே கேளுங்க.

குடியைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேணும், இன்றைக்கு நேரமில்லை. நிறுத்த நினைக்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவ சுமித்ரயோவிலேயே மெல் மெதுர என்ற பிரிவு இருக்குது. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க.

பின் வரிசையில் உளவள ஆலோசகர் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தருக்குத் தமிழ் நல்லா வரும், மற்றவருக்குக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேணும். பக்கத்து அறையைத் திறந்து வைத்திருக்கு, கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். மஸ்கெலியா பஸ் நாலு மணிக்குத்தான் வெளிக்கிடும். சாப்பாடு ஒரு மணிக்கு. அந்தப் பச்சைச் சேலை அக்கா கையைத் தூக்கித் தூக்கி இறக்குறாங்க, முதலில் அவங்க கேட்கட்டும்.